ஆறு பேர் வீட்டில் ஒரு இரட்டைக் கட்டில்

சின்ன வீடு என்றதும் வேறு அர்த்தம் எடுத்துச் சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், நான் சொல்லப்போவது நிஜமாகவே சின்னதாக இருக்கிற வீட்டைப் பற்றி. தக்கலைக்குப் பக்கத்தில் மூன்று சென்ட் மனை. அதில் ஒரு கிணறு, ஒரு தென்னை, மிச்சத்தில் ஓட்டு வீடு. முன்னால் நாலடி அகலத்தில் திண்ணை, பன்னிரண்டுக்குப் பதினொன்றில் ஹால், பத்துக்குப் பத்தில் ஒரே ஒரு முறி (அறையை எங்கள் ஊரில் முறி என்போம்), அப்புறம் அடுக்களை. குளிமுறியும் கக்கூஸும் பின்பக்கம் தனியாக. சுவரையும் சேர்த்து அளந்தால்கூட நானூறு சதுர அடிதான், ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, அதைக்கூட எங்கள் வீடு எட்டவில்லை. இதற்குள் நானும் என் வீட்டுக்காரரும், மகள், இரட்டைப் பையன்கள், மாமி (என் மாமியார்), மொத்தம் ஆறு பேர்.

எங்கள் மாவட்டத்தில் இது ஒன்றும் அதிசயம் கிடையாது. 2011 கணக்கெடுப்பில் குமரியில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல், தமிழ்நாட்டுச் சராசரியோ 555. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் இருக்கிற இடத்தில் ரப்பரும் வாழையும் தென்னையும் போக மனுஷனுக்கு மிஞ்சுவது சென்ட் கணக்குதான்.

வீட்டைப் பெருக்கிக் கட்டக்கூடாதா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் சுவரில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, மண்கட்டைச் சுவர், மேலே கான்கிரீட் போட்டால் தாங்காது, இடித்துவிட்டு அடியிலிருந்து எழுப்ப வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) ஓட்டுகிறார், நான் வீட்டிலிருந்து ஜாக்கெட் தைக்கிறேன். அதனால் அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

சரி, கட்டில் கதைக்கு வருகிறேன். 2009-ல் எனக்குக் கல்யாணம். அப்பா வீட்டுக்குப் பின்னால் நின்ற அயனி மரத்தை வெட்டி, ஆசாரியை வீட்டிலேயே இருத்தி, ஐந்தடிக்கு ஆறரை அடியில் இரட்டைக் கட்டில் செய்தார். தலைமாட்டுப் பலகையில் எதிரும் புதிருமாக இரண்டு மயில். கூடவே இரும்பு பீரோ, கண்ணாடி வைத்த அலங்கார மேசை, மூன்று பேர் உட்காரும் சோபா. வண்டியில் சாமான் வந்து இறங்கியபோது தெருவே பார்த்தது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இறக்கி உள்ளே வைத்த பிறகுதான் தெரிந்தது, நூறு சதுர அடி முறியில் கட்டில் மட்டும் முப்பத்திரண்டரையைத் தின்றுவிட்டது. பீரோ கதவு திறக்க இரண்டடி விட வேண்டும். மிச்சத்தில் ஒருவர் நடந்தால் இன்னொருவர் கட்டில்மேல் ஏறி நிற்க வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனையில் மூலிகைக் கட்டில் ஒன்று உண்டு, 64 வகை மரத்தில் செய்தது என்று கைடு சொல்லுவார். பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனையோ தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார்கள். கட்டிலைப் பார்த்த நான் ஒரு தடவையாவது அதைச் சுற்றி எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று பார்த்திருக்க வேண்டும்.

மகள் பிறந்தபோது சமாளித்தோம். 2015-ல் இரட்டைப் பையன்கள். இரண்டு பேருக்குச் செய்த கட்டிலில் நானும் மூன்று பிள்ளைகளும், அவர் ஹாலில் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில். சின்னவன் இரண்டு தடவை கட்டிலிலிருந்து விழுந்தான். கட்டிலுக்கு அடியில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது: உடைந்த மிக்ஸி, பழைய தொட்டில், தேங்காய் இருபது முப்பது, யாருடையது என்றே தெரியாத ஒரு சூட்கேஸ், அதற்குள் எலி.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். அன்றைக்கு நாங்கள் கேட்ட காற்றுச் சத்தத்தைப் பற்றி எழுதினால் அது வேறு கதை ஆகிவிடும். குலசேகரம் பக்கம் நாத்தனார் வீட்டு ஓட்டின்மேல் ரப்பர் மரம் விழுந்து, மறுநாள் மத்தியானம் அவர்கள் ஐந்து பேரும் நனைந்த துணியோடு எங்கள் வாசலில் நின்றார்கள். அப்போது நாங்கள் ஐந்து, ஆக பத்து. கரண்ட் இல்லை, எங்கள் தெருவுக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆனது. எங்கே படுப்பது? அவரும் நாத்தனார் மாப்பிள்ளையும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கட்டிலைக் கழற்றி, துண்டு துண்டாகத் திண்ணையில் சாத்தினார்கள். சோபாவையும் தூக்கி வெளியே போட்டார்கள். முறியில் பாய் விரித்து ஏழு பேர் படுத்தோம், பிறகும் கால் நீட்ட இடம் இருந்தது. அடுத்த நாள் காலையில் பிள்ளைகள் ஐந்து பேரும் அந்த முறிக்குள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். ஏழு வயசு மகள் அவரிடம் ஓடிப்போய், "அப்பா, முறி பெரிசாயிட்டு" என்றாள்.

பத்துப் பேர் இருந்தபோது வீடு விசாலமாகவும் ஐந்து பேர் இருந்தபோது நெருக்கமாகவும் இருந்தால் குற்றம் ஆட்களிடம் இல்லை, இது என் கணக்கு. நாத்தனார் வீட்டார் திரும்பிப் போன பிறகு கட்டிலை நாங்கள் மாட்டவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதம் போனது.

என் அம்மாவுக்குத் தெரிந்ததும் ஒரே அழுகை. கல்யாணக் கட்டிலைக் கழற்றிப் போட்டால் குடும்பம் விளங்குமா, நாலு பேர் என்ன நினைப்பார்கள், உன்னை அந்த வீட்டில் ஒதுக்கிவிட்டார்களா என்று தினமும் போன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தார், திண்ணையில் சாத்தியிருந்த பலகைகளைத் தடவிப் பார்த்தார், கடுங்காப்பி குடித்தார். பிறகு, "மக்ளே, நான் கட்டிலு செய்து தந்தது நீ படுக்கியதுக்கு. நீ சுமக்கியதுக்கு இல்ல, கேட்டியா. தடி நல்ல தடி, விக்காத. ஆசாரியை விளிச்சு வேற எதாவது செய்யி" என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஆசாரி மூன்று நாள் வேலை செய்தார். தலைமாட்டுப் பலகை, ஹால் சுவரில் கீல் வைத்த மடக்கு மேசை ஆனது. இறக்கினால் இரண்டு பிள்ளைகள் எழுதலாம், மடக்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், அடிப்பக்கம் இருந்த இரண்டு மயிலும் அப்போது வெளியே தெரியும். பக்கச் சட்டங்களையும் பலகைகளையும் வைத்து ஆறடி நீளம், இரண்டே கால் அடி அகலத்தில் மூடி வைத்த ஒரு பெட்டி பெஞ்சு. மிச்சம் ஹாலில் உத்தரத்தின்மேல் மச்சுப் பலகை. சோபாவை விற்றோம். கண்ணாடி மேசையை நாத்தனார் மகள் கேட்டாள், அன்றைக்கே கொடுத்தேன், மனசு மாறுவதற்குள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம்: தரை காலியாக இருக்க வேண்டும். காலையில் ஏழு மணிக்குள் பாய் எல்லாம் சுருட்டி வெளியே. கோரைப்பாயை அப்படியே மூலையில் சுருட்டி வைத்தால் நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு வாரத்தில் புள்ளி விழும், அதனால் வெயில் அடிக்கும் நாளில் பத்து நிமிஷமாவது மதிலில் போட்டுத் தட்ட வேண்டும். ஜூன், ஜூலையில் சிமெண்ட் தரை சில்லென்று இருக்கும், கோரைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பாய் போட்டால் போதும். மச்சில் வருஷத்துக்கு ஒருமுறை தொடுகிற சாமான் மட்டும்: கிறிஸ்துமஸ் ஸ்டார், குடில் சாமான், பெரிய உருளி. மாசத்துக்கு ஒருமுறை வேண்டியதை மேலே ஏற்றினால் அது இறங்கி வந்து மறுபடி ஏறாது, தரையிலேயே குடியிருக்கும், இதை நான் பல தடவை பார்த்துவிட்டேன்.

ஆனால் தரையே எல்லோருக்கும் போதும் என்று சொல்ல மாட்டேன். 2019-ல் மாமி எங்களோடு வந்தார்கள். முட்டுவலி, தரையில் உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். "எனக்கு எதுக்கு மக்ளே கட்டிலு, ஒரு ஓரத்துல கெடந்துக்கிடுவேன்" என்றுதான் சொன்னார்கள், அப்படிச் சொல்பவர்களை நம்பக்கூடாது. அந்தப் பெட்டி பெஞ்சின்மேல் மெல்லிய பஞ்சு மெத்தை போட்டுக் கொடுத்தோம். ராத்திரி மாமிக்குக் கட்டில், பகலில் வருகிறவர்களுக்கு சோபா, உள்ளே ஆறு பேரின் போர்வை, தலையணை உறை, பள்ளிக்கூட யூனிஃபார்ம். ஒரே ஒரு தொல்லை, மாமி படுத்த பிறகு எதுவும் எடுக்க முடியாது. ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம் முடிந்ததும், மறுநாளுக்கு வேண்டியதை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சத்தம் போடுவேன்.

அடுத்தது மழை. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவம், அது முடிந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு, இரண்டும் எங்களுக்கு உண்டு. ஆறு பேர் துணி எங்கே காயும்? முதலில் முறிக்குள்ளேயே கொடி கட்டினேன். மழைச்சாரல் அடிக்கிறது என்று ஜன்னலையும் சாத்தினேன். ஒரு மாதத்தில் பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சை பிடித்தது, பையன்கள் இரண்டு பேருக்கும் ராத்திரி ஆனால் இளைப்பு. மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, மருந்து எழுதுவதற்கு முன்னால் "துணி எங்கம்மா காயப்போடுறீங்க" என்று கேட்டார். ஈரத் துணியிலிருந்து போகிற தண்ணீர் எல்லாம் அந்த அடைத்த முறிக்குள்தானே நிற்கும், இது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தோம், சுவரைத் தேய்த்துக் காயவைத்துச் சுண்ணாம்பு அடித்தோம், படுக்கிற இடத்தில் ஈரத் துணி கிடையாது என்று முடிவு செய்தோம்.

அப்போது அவர் செய்த ஒரு வேலை இருக்கிறது, அதற்காக அவருடைய ஆயிரம் குற்றத்தை மன்னித்தேன். கிணற்றுக்கு மோட்டார் வைத்த பிறகு பழைய கப்பி சும்மா துருப்பிடித்துக் கிடந்தது. அதை எண்ணெய் போட்டுத் துடைத்து, இன்னொரு கப்பியும் வாங்கி, இரண்டையும் திண்ணை உத்தரத்தில் மாட்டினார். கயிற்றின் நுனியில் ஒரு நீளமான பிவிசி பைப். பைப்பை நெஞ்சு உயரத்துக்கு இறக்கி, துணி எல்லாம் போட்டு, கயிற்றை இழுத்தால் கிரீச் கிரீச் என்று ஓடு வரைக்கும் ஏறிவிடும். சூடு மேலேதான் நிற்கும், ஓட்டு இடைவெளியில் காற்றும் போகும், கீழே கொடியில் போட்டதைவிட அரை நாள் முந்தியே காய்கிறது. கீழே ஆள் நடக்கலாம், ஈரச் சேலை முகத்தில் அடிக்காது. கயிற்றைக் கட்டும் கொக்கி மட்டும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சபையிலிருந்து மாமிக்காக ஜெபிக்க வந்த ஒரு அண்ணன் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தபோது பெரியவன் கயிற்றை அவிழ்த்துவிட்டான். ஆறு பேர் துணியும் அவர் தலையில். அவர் ஆமென் சொல்லித்தான் கண்ணைத் திறந்தார், நல்ல மனுஷன்.

பக்கத்து வீட்டில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறை உண்டு, நல்ல சூடு, அங்கே போட்டுக்கொள் என்று அக்கா சொன்னார்கள். ஒரே ஒரு நாள் மகளின் யூனிஃபார்மைப் போட்டேன். நன்றாகத்தான் காய்ந்தது. சாயங்காலம் மகள் வந்து, "வகுப்புல எல்லாரும் என்னைய மோந்து மோந்து பாத்தாவ" என்று அழுதாள்.

மகள் வளர வளர வந்த பிரச்சினைதான் பெரியது, அதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். அவள் ஏழாம் வகுப்பில் பெரியவளானாள். அதற்குப் பிறகு ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு வந்து அடுக்களைக்குள் போய் உடுப்பு மாற்றுகிறாள். நான் தெரியாமல் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. அடுக்களைக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது, அவள் ஒரு காலால் கதவை முட்டுக்கொடுத்து, மற்றக் காலில் நின்றுகொண்டு பாவாடை மாற்றிக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஆறு மாதமாக என்று பிறகு ராத்திரி சொன்னாள்.

மறுநாளே அவர் கடைக்குப் போய்த் தாழ்ப்பாள் மூன்று வாங்கி வந்தார். முறிக்கு ஒன்று, அடுக்களைக்கு ஒன்று, குளிமுறியில் பழையது ஆடிக்கொண்டிருந்தது, அதற்கு ஒன்று. குளிமுறிக்குள் கதவுக்குப் பின்னால் நாலு கொக்கியும், நனையாத உயரத்தில் ஒரு சின்னத் தட்டும் வைத்தோம், அங்கேயே உடுத்திக்கொண்டு வரலாம். பீரோவின் கீழ்த் தட்டு அவளுக்கு மட்டும், சாவி அவளிடம். முறிக்குள் யார் தாழ்ப்பாள் போட்டாலும் தட்டக்கூடாது, என்ன செய்கிறாய் என்று கேட்கக்கூடாது, கால் மணி நேரம் அவர்களுக்கு. மாமிக்கு முதலில் இது பிடிக்கவில்லை, வீட்டுக்குள்ள என்ன தாழு என்றார்கள். இப்போது மத்தியானம் மாமிதான் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு யாருடனோ போனில் பேசுகிறார்கள். பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் வேறு எது இல்லாவிட்டாலும் சரி, தாழ்ப்பாளை இன்றைக்கே பாருங்கள். பெயிண்ட் அடிக்கவும் கொலுசு வாங்கவும் பணம் இருந்தது எங்களிடம், இது தோன்றவில்லை.

மற்றபடி எல்லாம் நேரக் கணக்குத்தான். இந்த வருஷம் மகள் பத்தாம் வகுப்பு, விடிகாலை நாலரைக்கு அடுக்களையில் படிக்கிறாள். அந்த நேரத்தில் அங்கே யாரும் வர மாட்டார்கள், ஆறு மணிக்கு நான் வந்து துரத்துகிறேன். ஒன்பதிலிருந்து நாலு வரை ஜன்னல் பக்கம் என் தையல் மெஷினுக்கு. தரைச் சட்டத்திலிருந்து அதற்கு மட்டும் விலக்கு, இந்த வீட்டில் வாடகை கொடுக்கிற ஒரே சாமான் அது. காலையில் குளிமுறிக்கு வரிசை நின்று தினமும் சண்டை வந்தது, பையன்களைச் சாயங்காலம் கிணற்றடியில் குளிக்கவைத்தோம், சண்டை பாதியாகிவிட்டது. கொரோனா காலத்தில் ஒரு போனில் மூன்று பேருக்கு வகுப்பு நடந்ததை நினைக்கவே பிடிக்கவில்லை, விட்டுவிடுகிறேன்.

சக்கைக் காலத்தைப் பற்றி, அதாவது பலாப்பழக் காலத்தைப் பற்றி, ஒரு வார்த்தை. சின்ன வீட்டுக்காரர்களுக்குப் பெரிய தோட்டக்காரச் சொந்தம் இருந்தால் ஆபத்து. அப்பா வீட்டிலிருந்து ஒரே நாளில் மூன்று சக்கை, ஒரு சாக்கு மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), நாற்பது தேங்காய் வரும். வேண்டாம் என்றால் கோபம் வரும். வாசலில் இறக்கும்போதே பங்கு வைத்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுகிறேன், உள்ளே போனால் போச்சு.

தீராத விஷயங்களும் உண்டு. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் வரிசையாக ஆறு பேருக்கும் வரும், அதற்கு எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை. புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ள இடம் இல்லை, அன்பாகப் பேசுவதை விடுங்கள், சண்டை போடக்கூட இடம் இல்லை. பிள்ளைகள் முன்னால் வேண்டாம் என்று நாங்கள் தெருவில் நிறுத்தியிருக்கும் குட்டியானைக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சண்டை போடுவோம். தெருவில் போகிறவர்களுக்கு நாங்கள் ஏதோ மனம்விட்டுப் பேசுகிறோம் என்று தோன்றும். உள்ளே வேர்க்கும், பத்து நிமிஷத்துக்குமேல் எந்தச் சண்டையும் நிற்காது.

புதிதாக எதையாவது வாங்க வேண்டும் என்று யாருக்காவது ஆசை வந்தால் நாங்கள் செய்வது இது. கடைக்குப் போய் நீளம் அகலம் அளந்து வந்து, வைக்கப்போகிற இடத்தில் சாக்பீஸால் அந்த அளவுக்குத் தரையில் பெட்டி போட்டுவிடுவோம். பீரோ, ஃபிரிட்ஜ் என்றால் கதவு திறக்கிற இடத்துக்கும் சேர்த்துக் கோடு. ஒரு வாரம் அந்தக் கோட்டுக்குள் யாரும் கால் வைக்கக்கூடாது, பாய் விரிக்கக்கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். ஒரு வாரம் தாங்கினால் வாங்கலாம். வாஷிங் மெஷின் அப்படித்தான் தேறி வந்தது, சாக்பீஸ் பெட்டியைத் திண்ணை மூலைக்கு மாற்றிய பிறகு.

போன மாதம் அவருடைய நண்பர் வீடு மாறுகிறார், சோபாவைச் சும்மா தருகிறேன் என்றாராம். இவர் ஆசையோடு வந்து, ஏழடிக்கு மூன்றடி என்று தானே கோடு போட்டார். முதல் நாள் மாமி மறந்து மிதித்தார்கள், பையன்கள் அவுட் என்று கத்தினார்கள். மூன்றாம் நாள் பாய் விரிக்க இடம் இல்லாமல் அவரே திண்ணைக்குப் போனார், அன்றைக்கு நல்ல மழை. நாலாம் நாள் நான் தைத்துக்கொண்டிருந்தபோது பார்த்தேன், பையன்கள் அந்தப் பெட்டிக்குள் குறுக்கே கோடு போட்டு எட்டுக் கட்டம் ஆக்கி, ஓட்டுச் சில்லு எறிந்து நொண்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வேலை முடிந்து வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார், நண்பருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னார்.